பிரேமலதாவுக்கு எதிராகப் பிரேமலதா

பிரேமலதா காளிராஜ் மும்பை மாநகராட்சித் தேர்தலில் நின்றது ஜெயிப்பதற்காக அல்ல. பிரேமலதா காசிராஜன் தோற்க வேண்டும் என்பதற்காக. இதை அவள் தன் புருஷனிடம் மறைக்கவில்லை. மற்றவர்களிடம் வலியப் போய்ச் சொல்லவும் இல்லை.

இருவரும் தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் ஒரே வகுப்பு. டீச்சர் பிரேமலதா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். நாலு நாள் பொறுத்துப் பார்த்த டீச்சர் பெயரை இரண்டாக வெட்டிவிட்டார். "நீ பிரேமா, நீ லதா. சண்டை போடாம வச்சுக்கிடுங்க." அதிலிருந்து தெருவிலும் அதுவே பெயரானது. பிரேமாவின் அப்பா தோல் கிடங்கில் சுமை தூக்கியவர். லதாவின் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

கல்யாணமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தது. லதாவுக்குக் கிடைத்தவன் காசிராஜன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். மெயின் ரோட்டில் பெரிய ஃபேன்ஸி ஸ்டோர். பிரேமாவுக்கு வாய்த்தவன் காளிராஜ். மாஹிமில் ஒரு பேக்கரிக்கு டெம்போ ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதன்.

பிரேமா மாட்டுங்காவில் ஒரு பார்லரில் தரை துடைக்கப் போய், அங்கேயே தொழிலைக் கற்றுக்கொண்டாள். நூலை வாயில் ஒரு முனை கவ்வி, விரல்களில் மறுமுனை சுற்றி அவள் புருவம் எடுத்தால் வலியே தெரியாது என்று பெயர் வாங்கினாள். பிறகு சொந்தமாகவே ஒரு பார்லர் போட்டாள். லதாவின் கடைக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டு நாற்காலியும் சுவர் நிறையக் கண்ணாடியும். பை தைக்கிறவர்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் எல்லாரும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கண்ணாடியில் தன் முகத்தை நிதானமாகப் பார்க்க அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. க்ரீம், பவுடர், மருதாணி என்று எது வேண்டுமானாலும் பிரேமா லதாவின் கடையில்தான் வாங்குவாள். வேறு கடைப் படி ஏறினதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கோகிலவாணிக்குக் கல்யாணம் வந்தது. அதே தெருப்பெண். மாப்பிள்ளை வீடு முலுண்டில். முந்தின நாள் மத்தியானம் முகத்துக்குப் போட வந்து உட்கார்ந்தபோது லதாவே ஒரு டப்பாவோடு சந்துக்குள் வந்தாள்.

"ஏட்டி பிரேமா, புதுசா வந்திருக்கு. மொகம் பளபளன்னு ஆயிரும். மணப்பொண்ணுக்கு இதைப் போடு."

பிரேமா போட்டாள். மறுநாள் விடிந்தபோது கோகிலவாணியின் முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. கன்னத்துத் தோல் உரிந்து தொங்கியது. பெண்ணைச் சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மண்டப வாசலில் நின்றபடியே பேசி முடித்து, முலுண்டுக்கு வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

பெண் வீட்டு ஆண்கள் அங்கிருந்து நேரே பார்லருக்கு வந்தார்கள். பிரேமா லதாவின் கடைப்பக்கம் கை நீட்டினாள். "க்ரீம் அவ குடுத்தது. அவளையே கேளுங்க."

லதா கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எங்க கடையில அந்த க்ரீமே கெடையாது. வேணும்னா உள்ள வந்து பாருங்க. எங்க போயி மலிவா வாங்கினாளோ! கண்டதையும் பூசாதட்டின்னு எத்தனை மட்டம் சொல்லியிருப்பேன்."

உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு டப்பாகூட இல்லை. விஷயம் காதில் விழுந்த உடனேயே காசிராஜன் டப்பாக்களை அட்டைப்பெட்டியோடு பின்வாசல் வழியாக எடுத்துப் போயிருந்தான். அதைப் பிரேமா பிற்பாடுதான் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடி உடைந்த சத்தம். நாற்காலி தெருவில் வந்து விழுந்தது. யாரோ ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்துச் சந்து முழுவதும் இழுத்துப் போனான். அவளிடம் புருவம் எடுத்துக்கொண்ட பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். போலீஸ் வந்து அவளைத்தான் ஜீப்பில் ஏற்றியது. ஜீப்பிலிருந்து திரும்பிப் பார்த்தபோது லதாவின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அடியில் லதாவின் கால்கள் தெரிந்தன. புதுச் செருப்பு.

சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் சந்தில் மறுபடி கடை திறக்க முடியவில்லை. பிரேமா செம்பூரில் ஒரு பார்லருக்குச் சம்பளத்துக்குப் போனாள். முதலாளி ஃபர்ஸானா நல்லவள்தான். என்றாலும் தன் பெயர் எழுதின பலகைக்குக் கீழே உட்கார்ந்து தொழில் செய்தவளுக்கு அது கூலி வேலைதான்.

கோபம் நாளானால் ஆறிவிடும் என்பார்கள். பிரேமா ஆறவிடவில்லை. ஆறின குழம்பை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணுகிற மாதிரி தினமும் எடுத்துச் சூடு பண்ணி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் நிற்கும்போது பண்ணுவாள். யாராவது கண்ணை மூடித் தன் முன்னால் சாய்ந்திருக்கும்போது பண்ணுவாள். காளிராஜ் ஒருநாள், "விட்டுத் தொலையேன் பிரேமா, எத்தனை வருஷத்துக்கு?" என்றான். "அவ விட்டுட்டான்னா நான் விட்டுருதேன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குமே சரியாகத் தெரியாது.

மாநகராட்சித் தேர்தல் பல வருஷம் தள்ளிப்போய்க் கடைசியில் வந்தது. அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பழைய கவுன்சிலர், இங்கே நகரசேவகர் என்பார்கள், தன் மனைவி சவிதாவை நிறுத்தினார். எதிர்த்து வியாபாரிகள் சங்கம் சுயேச்சையாக நிறுத்திய ஆள் லதா. ஜெயித்து வந்த நகரசேவகர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தத் தடவை மேயர் நாற்காலி பெண்ணுக்கு என்று ஒரு பேச்சு அடிபட்டது. எந்தப் பக்கமும் முழுசாக ஜெயிக்காவிட்டால் சுயேச்சைக்குக் கிராக்கி, பேரத்தில் நாற்காலியே கிடைக்கும் என்று சங்கத்தார் கணக்குப் போட்டார்கள். தெருவுக்குத் தெரு மஞ்சள் ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'தாராவியின் மகள், நாளைய மேயர்.' கைகூப்பிய லதா. கீழே அவள் சின்னம், கெட்டில்.

ஒருநாள் வேலை முடிந்து வந்த பிரேமா தெருமுனையில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். மேடையில் லதா பேசிக்கொண்டிருந்தாள். நன்றாகவே பேசினாள். அதைப் பிரேமா ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கிற பெண்களுக்கு என்று பொதுவாக ஒரு தொழில்கூடம், அதிலேயே பிள்ளைகளை விட்டுவைக்க ஓர் அறை, சின்னத் தொழிலுக்குக் குறைந்த ரேட்டில் கரண்ட், மார்க்கெட்டில் பெண்களுக்குக் கதவு பூட்டுகிற கக்கூஸ், மழைக்காலத்தில் பட்டறைக்குள் தண்ணீர் ஏறாதபடி சாக்கடை. ஒவ்வொன்றையும் எங்கே, எந்த இடத்தில் என்று கை நீட்டிக் காட்டிச் சொன்னாள். பொய்யாகச் சொல்லவில்லை. தொழில்கூடத்துக்கு இடம் பார்த்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பாதி வேலையை முடித்தும் வைத்திருந்தாள். பெண்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

கிளம்பலாம் என்று பிரேமா திரும்பியபோது மைக்கில் லதாவின் குரல் தழுதழுத்தது.

"நம்ம தெருவுலயே ஒரு பிள்ளை பார்லர் வச்சிருந்தா. என் கூடப் படிச்சவ. அருமையான கை அவளுக்கு. ஒரே ஒரு கஷ்டம் வந்துச்சு, அன்னைக்குக் கைதூக்கி விட ஒரு ஆளு இல்ல. கடையை மூடிட்டா. இன்னைக்கு எங்கேயோ கூலி வேலைக்குப் போறா. அந்த மாதிரி இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் நிக்கேன்!"

கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் நின்ற கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடித்தவள் அடிபட்ட உடம்பையே தோளில் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுக் கேட்கிறாள். பிரேமா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் காளிராஜ் முன்னால் நின்றாள்.

"நான் எலக்‌ஷன்ல நிக்கப் போறேன்."

"யாரு, நீயா? ஜெயிப்பியா?"

"ஜெயிக்கதுக்கு எவ நிக்கா? எம் பேரு என்ன?"

"பிரேமலதா."

"உங்க பேரு?"

"காளிராஜ்." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பிரேமலதா காளிராஜ். பிரேமலதா காசிராஜன். மராத்தி எழுத்தில் எழுதினால் இன்னும் நெருங்கி வரும். "வேண்டாம்ட்டி, பாவம்" என்றான் மெதுவாக.

"பாவம்னு என்னைய எவன் சொன்னான்? நீங்கதான் சொன்னிய. வேற ஒருத்தன் பேரச் சொல்லுங்க."

மறுநாள் காளிராஜ் லீவு போட்டுவிட்டு அவளோடு தேர்தல் ஆபீஸுக்கு வந்தான். வேட்புமனு கொடுத்து இரண்டு நாள் ஆவதற்குள் பேச்சிராஜா வந்துவிட்டான். பழைய நகரசேவகருக்குக் கூட்டம் சேர்க்கிறவன்.

"அக்கா, அருமையான யோசனை. கட்டின டெபாசிட், நோட்டீஸு, வண்டி எல்லாம் எங்க அண்ணன் பாத்துக்கிடுவாரு. நீங்க சும்மா நின்னாப் போதும்."

"உங்க அண்ணன் தண்ணிக் கொழாயவே பாத்துக்கிடல. என்னையப் பாத்துக்கிடப் போறாரா?" என்றாள் பிரேமா. "இது எனக்கும் அவளுக்கும் உள்ளது. இதுல எவனுக்கும் பங்கு கெடையாது. போலே."

சின்னம் ஒதுக்கியபோது மிச்சமிருந்த சின்னங்களிலிருந்து ஜக்கைக் கேட்டு வாங்கினாள். கெட்டிலுக்கும் மூக்கு, கைப்பிடி. ஜக்குக்கும் மூக்கு, கைப்பிடி. நோட்டீஸை அதே மஞ்சளில் அடித்தாள். போட்டோ போடவில்லை. பெரிய எழுத்தில் பிரேமலதா, கீழே ஜக். அவ்வளவுதான்.

பிரசாரமும் அவ்வளவுதான். இளவட்டங்கள் இருக்கிற பக்கம் அவள் போகவில்லை. கண் மங்கின கிழவிகள், மராத்தி படிக்கத் தெரியாதவர்கள், ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் முடங்கிக் கிடக்கிறவர்கள் என்று வீடு பார்த்துப் போனாள். "பிரேமலதாவுக்குப் போடுங்க ஆச்சி" என்பாள். "நம்ம பிரேமலதாதான? போட்டுருவோம்ட்டி" என்பார்கள். எந்தப் பிரேமலதா என்று அவர்கள் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதுகூட மனசு உறுத்தி அல்ல. பிசகில்லாமல் காய் நகர்த்துகிறோம் என்ற திருப்தி.

உள்ளூர் கேபிள் சேனலிலிருந்து மைக்கோடு ஒரு பையன் வந்தான். "மேடம், உங்க முன்னுரிமைகள் என்னென்ன?"

"ஒண்ணுதான்."

"என்ன மேடம் அது?"

"எண்ணுத அன்னைக்குச் சொல்லுதேன்."

ஓட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில் செம்பூர் பார்லருக்கு லதா வந்தாள். கூட யாரும் இல்லை. ஃபர்ஸானாவிடம் இந்தியில், புருவம் எடுக்க வேண்டும், பிரேமாவின் கையால் வேண்டும் என்றாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு வருஷமாகப் பிரேமா கற்பனையில் வைத்துப் பார்த்த கழுத்து, வெள்ளைத் துண்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. பிரேமா நூலை எடுத்தாள். ஒரு முனையைப் பல்லில் கடித்தாள்.

"வாபஸ் வாங்கத் தேதி போயிட்டு, தெரியும்" என்றாள் லதா கண்ணைத் திறக்காமல். "ஒரு நோட்டீஸு மட்டும் விடு. நான் ஒதுங்கிட்டேன், கெட்டிலுக்குப் போடுங்கன்னு. புதுக் கூடத்துல வாசப்பக்கத்துக் கடை ஒனக்கு. பார்லர் போடு. நானே வந்து தெறந்து வைக்கேன்."

பிரேமாவின் வாயில் நூல் இருந்தது. பதில் சொல்ல முடியாது. ஒரு புருவத்தை முடித்தாள். நூலை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"மேடையில ஏறி, க்ரீம் எங்க கடையிலேருந்து போனதுன்னு சொல்லு. இன்னைக்கே நோட்டீஸு விடுதேன்."

லதா கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜெயிச்ச பொறகு சொல்லுதேன்."

"இப்பச் சொல்லு."

"இப்பச் சொன்னா தோத்துருவேன்டி."

"சொல்லாட்டாலும் தோப்ப."

"அன்னைக்கு எனக்குக் கல்யாணமாயி நாலு வருஷம். மாமனாரு, 'கடை பேரு கெட்டுதுன்னா நீ ஒங்கப்பன் வீட்டுக்குப் போயிரு'ன்னாரு. நான் என்ன செய்ய?"

"போயிருக்கணும்" என்றாள் பிரேமா. "நான் ஜீப்புல போகலையா?"

ஒரு புருவம் முடிந்து மறு புருவம் காடாகக் கிடந்தது. இப்படியே எழுப்பி அனுப்பினால் அன்றைக்குச் சாயங்காலக் கூட்டத்தில் தெரு முழுக்கச் சிரிக்கும். நடுவில் ஓரிடத்தில் வழித்துவிட்டாலும் போதும். விரல் அதற்குத் துடித்தது. ஆனால் பிரேமா யோசித்தாள். புருவம் ஒரு மாசத்தில் வளர்ந்துவிடும். தேர்தல் மறுபடி வர அஞ்சு வருஷம் ஆகும். சின்னதுக்கு ஆசைப்பட்டுப் பெரியதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. நூலை மறுபடி கடித்து, மறு புருவத்தையும் வில் மாதிரி எடுத்து முடித்தாள்.

"கவுண்டர்ல குடுத்துட்டுப் போ" என்று துண்டை உதறினாள்.

அந்த வாரத்திலேயே கோகிலவாணியும் வந்தாள். அவளுக்குப் பிற்பாடு வேறிடத்தில் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. புருஷன் சரியில்லாமல் தாராவிக்கே திரும்பி, வீட்டில் பிளவுஸ் தைத்து மாஹிம் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெளுத்தே இருந்தது. பிரேமாவின் வாசலில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, உங்க நோட்டீஸை எங்க பாட்டி கையில பாத்தேன். லதாக்காதுன்னு நெனச்சு வச்சிருக்கா."

பிரேமா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கு நான் நாற்காலியிலதான இருந்தேன். லதாக்கா டப்பா கொண்டாந்து குடுத்ததை என் கண்ணால பாத்தேன்."

"தெரியுமா? எட்டு வருஷமா தெரியுமாட்டி ஒனக்கு?"

"வாயைத் தெறக்க முடியாம ஆஸ்பத்திரில கெடந்தேன். எந்திரிச்சு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அதுக்குள்ள காசிராஜன் அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்னு வந்து நின்னுட்டாரு. பேசாம இருன்னுட்டாரு அப்பா. இருந்துட்டேன்."

"இப்பச் சொல்லு. வா, கூட்டத்துல வந்து சொல்லு!"

"மாட்டேன்க்கா." கோகிலவாணி பிரேமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அவளுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அந்தக் கூடம் வரணும். பிள்ளைய மிசின் காலுல கட்டிப்போட்டுட்டுத் தைக்கேன், ஊசிப் பெட்டிய எடுத்து வாயில போட்டுருதா. அவ நல்லவளா கெட்டவளான்னு எனக்குக் கவலையில்ல. அவ செஞ்சுருவா. சவிதா வந்தா ஒண்ணும் நடக்காது. உங்களுக்கே தெரியும். ஒதுங்கிருங்கக்கா. என் மொகத்துக்காக."

பிரேமா கையை உருவிக்கொண்டாள். தனக்கு ஒரே ஒரு சாட்சி, அதுவும் எட்டு வருஷமாக ஊமையாக இருந்தது என்ற நினைப்பு அவளுக்குள் காய்ந்த கடுகாகப் பொரிந்தது. அவள் லதாவை மட்டும்தான் வெறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது தெரு முழுவதும் சேர்ந்துகொண்டது.

"உன் மொகத்துக்காகத்தான் என் கண்ணாடியெல்லாம் ஒடஞ்சுது. ஏட்டி, போயி தை" என்றாள்.

அன்று சாயங்காலமே மிச்சமிருந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு, விட்டுப்போன வீடுகளுக்கும் போய் வந்தாள். கோகிலவாணியின் பாட்டியையும் இன்னொரு தடவை பார்த்தாள். "பிரேமலதாதான? மறக்கல" என்றாள் பாட்டி.

ஜனவரியில் ஓட்டுப்பதிவு முடிந்தது. மறுநாள் எண்ணினார்கள். சவிதா ஜெயித்தாள். லதா தோற்றது இருநூற்றுச் சொச்சம் ஓட்டில். ஜக்குக்கு விழுந்திருந்தது அறுநூறுக்கு மேல்.

எண்ணும் இடத்து வாசலில் கேபிள் பையன் மறுபடி வந்தான். ஞாபகம் வைத்திருந்தான். "மேடம், அந்த முன்னுரிமை?"

"நிறைவேறிட்டு" என்றாள் பிரேமா.

திரும்பி வரும்போது அவளுக்கு நல்ல பசி. வழியிலேயே கோழிக்கறி வாங்கி வந்து சமைத்து, இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். காளிராஜ் தட்டைத் தொடவில்லை. "எனக்கு வேண்டாம்" என்று டெம்போவில் போய்ப் படுத்துக்கொண்டான்.

கறிப்பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது சந்தில் சத்தம் கேட்டது. லதா வந்துகொண்டிருந்தாள். புடவை கசங்கி, தலை கலைந்து, பின்னால் சங்கத்து ஆட்கள். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"பாருங்கய்யா இவளை! ஒரு கல்யாணப் பொண்ணு மொகத்தைப் பொசுக்கினவ! இன்னைக்கு இந்த ஊரையே பொசுக்கிட்டா! கண்டதைப் பூசிக் கெடுக்கறதுதான் இவ தொழிலு!"

பிரேமா ஈரக்கையோடு வெளியே வந்தாள். லதா தோற்ற பிறகாவது உண்மையைச் சொல்வாள் என்று தன் மனசில் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த மூலையும் அணைந்தது. கையை ஓங்கிவிட்டாள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

கோகிலவாணி. இடுப்பில் குழந்தை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"லதாக்கா, க்ரீம் உங்க கடைது. நீங்கதான் கொண்டாந்து குடுத்தீங்க. நான் பாத்தேன். என் பிள்ளை மேல சத்தியமாப் பாத்தேன்."

சங்கத்து ஆட்களில் ஒருவர் காசிராஜனைப் பார்த்தார். காசிராஜன் தரையைப் பார்த்தான்.

கோகிலவாணி பிரேமாவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "உங்களுக்கு இதுதான வேணும்? கெடச்சிட்டா? எனக்கு ஒரு இடம் கெடைச்சிருக்கும். அதை எடுத்துட்டீங்க. ரெண்டு பேரும் என் மொகத்தை வச்சுத்தான் சண்டை போட்டீங்க. எவளாவது ஒரு மட்டம் என்னையக் கேட்டீங்களா?"

அவள் போய்விட்டாள். மெல்ல மெல்லக் கூட்டமும் கலைந்தது. லதா கடைசியில் போனாள். யாரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ஃபேன்ஸி ஸ்டோரில் பெண்கள் கூட்டம் குறைந்தது. வளையல், ரிப்பன் வாங்குவார்கள். முகத்துக்குப் போடுகிற எதையும் அங்கே வாங்குவதில்லை. அன்றைக்கு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் பிரேமாவிடம் வந்து, "நாங்க நம்பவே இல்லட்டி அப்பவே" என்றார்கள். அவள் அதை நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் புருவம் எடுக்கச் சொன்னால் எடுத்தாள். செம்பூர் வேலையை விடாமல், வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாற்காலி போட்டாள். காளிராஜ் சில நாள் கழித்துப் பேச ஆரம்பித்தான். "இப்ப நிம்மதியா?" என்று கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்து, "ஆமா" என்றாள். பொய் இல்லை. அடிவயிற்றில் எட்டு வருஷமாக எரிந்தது அணைந்திருந்தது. அந்த இடத்தில் வேறு ஏதோ கனமாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

தொழில்கூடத்துக்கு லதா பார்த்து வைத்திருந்த இடத்தில் யாருடைய லாரிகளோ வந்து நின்றன.

மாசி மாதக் கடைசியில் பேச்சிராஜா ஒரு பட்டுப் புடவையும் ஸ்வீட் டப்பாவுமாக வந்தான். "அண்ணி குடுத்து விட்டாவ. உங்களாலதான் ஜெயிச்சோம்னு ரொம்ப சந்தோசப்பட்டாவ."

"உங்களுக்காக நான் ஒரு மண்ணும் செய்யல." பிரேமா எழுந்திருக்கவில்லை. "புடவையக் கொண்டு போ. போயி உங்க அண்ணிகிட்ட ஒண்ணு சொல்லு. அந்த லாரியெல்லாம் எடுத்துட்டுக் கூடத்தைக் கட்டச் சொல்லு. பிள்ளைங்களை விட அறையும் சேத்து."

பேச்சிராஜா சிரித்தான். "கட்டாட்டா?"

"இந்த வார்டுல சவிதான்னு எத்தனை பொம்பளைங்க இருக்காவன்னு விசாரிச்சு வச்சிருக்கேன். அதுல ஒருத்தி புருஷன் பேரும் உங்க அண்ணன் பேருதான். வீட்டுல கொழாத் தண்ணி வரலன்னு ரொம்பக் கடுப்புல இருக்கா."

அவன் சிரிப்பு நின்றது. அவள் சொன்னது நிஜமா, மிரட்டலா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்வீட்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

மழைக்கு முன்னால் மார்க்கெட் கக்கூஸுக்குக் கதவும் தாழ்ப்பாளும் வந்தன. லாரிகளில் பாதி போய்விட்டது, பாதி நிற்கிறது. இதெல்லாம் பயத்தாலா, தானாகவே நடந்ததா என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிரேமா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எத்தனை லாரி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் போகிறாள்.

கோகிலவாணி தினமும் காலையில் பிளவுஸ் மூட்டையோடு பிரேமாவின் வாசலைக் கடந்து மாஹிம் பக்கம் நடக்கிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. பிரேமாவும் அந்த நேரத்தில் வாசலில் நின்றபடி தலை சீவிக்கொண்டிருக்கிறாள். கூப்பிடுவதில்லை. அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே போகிறாள்.